நிழலே, எங்க ஊர்ப் பக்கம் வாயேன்! – உங்களுக்குத் தெரியுமா?

ஆரணிப் பட்டு தெரியும். அதை நெய்யும் தேவிகாபுரம் தெரியும். அந்த ஊரைத் தொடாமல் சூரிய கிரகண நிழல் இதுவரை எத்தனை முறை நைசாக நழுவிப் போயிருக்கிறது, தெரியுமா? தேடத் தேடச் செய்திகள் அள்ளிக் கொட்டின! கூட்டம் கூடிப் பார்த்த கிரகணங்கள், கூட்டம் ஓடி ஒளிந்த கிரகணங்கள், எல்லாம் இங்கே. மூச்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்!

நழுவிய நிழல்கள்!

1868, 1871, 1980, 2010, 2019. தென்னிந்தியாவுக்கு வந்து போன 5 பிரபல கிரகணங்கள் இவை. சில வடக்கே போயின. சில தெற்கே போயின. ஐந்தில் ஒன்றுகூட தேவிகாபுரத்தை நடுநிழலில் நனைக்கவில்லை. ஐந்து முறையும் ஊருக்குக் கிடைத்தது பிறைச் சூரியன் மட்டுமே!

உலகத்தில் ஏதாவது ஓர் இடத்தில் முழு சூரிய கிரகணம் சுமார் 18 மாதத்துக்கு ஒரு முறை நடக்கிறது. அதே இடத்துக்குத் திரும்பி வர? சராசரியாக 375 ஆண்டுகள்! உங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து காத்திருந்தால் பத்துப் பதினைந்து தலைமுறை ஓடிவிடும்!

சூரியன் நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு அகலம். நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு தூரம். அதனால்தான் இரண்டும் வானத்தில் ஒரே அளவில் தெரிகின்றன. 400-க்கு 400! இந்தப் பொருத்தம் எந்த ஜோசியரும் பார்த்துச் சொன்னதில்லை!

அந்தப் பொருத்தமும் நிரந்தரம் இல்லை! நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுகிறது. இன்னும் சுமார் 60 கோடி ஆண்டு போனால் பூமியில் முழு சூரிய கிரகணமே கிடையாது. சீக்கிரம் பார்த்துவிடுங்கள்!

முழு கிரகணம் அதிகபட்சம் எவ்வளவு நேரம் நீடிக்கும்? 7 நிமிடம் 32 விநாடி. அதற்கு மேல் ஒரு விநாடி கூடாது! இந்த உச்சத்தை ஒட்டி வரப்போவது 2186 ஜூலை 16. அன்று 7 நிமிடம் 29 விநாடி. கொள்ளுப் பேரனுக்குப் பேரனிடம் சொல்லி வையுங்கள்!

குண்டூரில் கிடைத்த வாயு!

1868 ஆகஸ்ட் 18. பிரான்ஸிலிருந்து கப்பலேறி வந்த வானியலாளர் ஜான்சன் குண்டூரில் கருவியோடு நின்றார். சூரியனின் விளிம்பில் சிவப்புச் சுடர்கள்! அவை ஒளிரும் சூடான வாயு என்று அங்கேயே கண்டுபிடித்தார். மறுநாள் கிரகணமே இல்லாமல் அதே சுடர்களை அதே கருவியில் பார்த்துக் காட்டினார்!

அதே சுடர்களை இங்கிலாந்தில் லாக்யர் என்பவரும் 1868 அக்டோபரில் பார்த்தார். அவரும் கிரகணம் இல்லாமலேதான்! இருவர் கடிதமும் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. சண்டை எதற்கு என்று இருவர் தலையையும் ஒரே பதக்கத்தில் பொறித்துவிட்டார்கள்!

அந்த ஒளியில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. பூமியில் தெரிந்த எந்தப் பொருளோடும் அது ஒத்துப்போகவில்லை. அதுதான் ஹீலியம்! முதலில் சூரியனில் கண்டுபிடித்து, பிறகு பூமியில் தேடிப் பிடித்த தனிமம். தேட எவ்வளவு காலம் ஆனது? 27 ஆண்டுகள்! 1895-இல்தான் வேதியியலாளர் ராம்சே கையில் அது சிக்கியது!

இன்று ஆரணிக் கடைத்தெருவில் மேலே பறக்கும் பலூனிலும் அந்த வாயு இருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்தின் காந்தத்தைக் குளிர வைப்பதும் அதுதான். முதல் தடயம் கிடைத்தது நம் பக்கத்து மாநிலத்தில் விழுந்த நிழலில்!

அதே நாள், அதே கிரகணம். சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி நிஜாம் சீமையின் வனபர்த்தியில் தனியாக ஒரு முகாம் போட்டிருந்தார். ஆங்கிலேயருக்கு ஒரு முகாம், நம்மவருக்கு ஒரு முகாம்!

யார் இந்த ரகுநாதாச்சாரி? ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றை 1867-இல் கண்டுபிடித்தவர். அப்படிக் கண்டுபிடித்த முதல் இந்தியர்! 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். திருக்கணித பஞ்சாங்கமும் அவர் கையால் வந்தது!

அன்றைய நிழல் சயாமுக்கும், அதாவது இன்றைய தாய்லாந்துக்கும், போனது. அந்நாட்டு மன்னர் மோங்குட் கிரகணத்தின் இடத்தையும் நேரத்தையும் தானே கணக்குப் போட்டார். வெளிநாட்டு விருந்தினர்களை அழைத்து, காட்டுக்குள் கூடாரம் அடித்துக் காட்டினார். கணக்கு பலித்தது! ஆனால் அந்தக் காட்டில் பிடித்த மலேரியா அவரை 1868 அக்டோபர் 1-இல் கொண்டுபோய்விட்டது. ஆகஸ்ட் 18-தான் இன்று தாய்லாந்தின் தேசிய அறிவியல் தினம்!

பலூனில் தப்பியவர் நீலகிரிக்கு வந்தார்!

1870 டிசம்பர். பாரிஸை ஜெர்மானியப் படை சுற்றி வளைத்திருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட ஜான்சனுக்கோ அல்ஜீரியாவில் கிரகணம் பார்த்தாக வேண்டும். என்ன செய்தார்? பலூனில் ஏறி, முற்றுகைக்கு மேலே பறந்து தப்பினார்! அல்ஜீரியா போய்ச் சேர்ந்தார். கிரகண நேரத்தில் மேகம் மூடிவிட்டது!

மனிதர் விட்டாரா? அடுத்த ஆண்டே நம் நீலகிரிக்கு வந்துவிட்டார்! 1871 டிசம்பர் 12. ஊட்டிக்குப் பக்கத்தில் சோலூர். வானம் பளிச்! சூரியனைச் சுற்றித் தெரியும் கரோனா ஒளியில் இருண்ட கோடுகளை முதலில் பார்த்தது அங்கேதான்!

அதே காலையில் லாக்யர் எங்கே? கேரளத்துப் பேக்கல் கோட்டையில்! போக்சனும் ரகுநாதாச்சாரியும் எங்கே? அவிநாசியில்! இத்தாலிய வானியலாளர் ரெஸ்பிகி எங்கே? நம் புதுக்கோட்டையில்! ஒரே நாளில் தமிழ் மண்ணில் இத்தனை நாட்டுத் தொலைநோக்கிகள்!

நிழல் கடலையும் தாண்டியது. யாழ்ப்பாணத்தில் ஒரு குழு, திருகோணமலையில் ஒரு குழு. பேக்கல் தொடங்கித் திருகோணமலை வரை ஒரே நிழலுக்கு வரிசையாகக் காவல்!

இப்போது இதைக் கேளுங்கள். 2019 டிசம்பர் 26-இல், சூரியனின் ஓரம் மட்டும் வளையமாகத் தெரியும் வளைய சூரிய கிரகணம் வந்ததே, அது எந்த வழியாக வந்தது? காசர்கோடு, ஊட்டி, கோவை, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம்! 148 ஆண்டு கழித்து ஏறக்குறைய அதே வழி! மாதமும் அதே டிசம்பர்!

சோழி வைத்துப் போட்ட கணக்கு!

லெ ஜெந்தீல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு வந்தார். சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கத்தான் வந்தார். 1769-இல் சரியாக அந்த நேரம் பார்த்து மேகம்! ஊர் திரும்பினால், ஆள் செத்துப்போனதாக முடிவு கட்டியிருந்தார்கள். 11 ஆண்டு அலைந்ததற்கு இதுதான் பரிசு!

ஆனால் வெறுங்கையோடு போகவில்லை! தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒப்பிட்டும் பார்த்தார். ஐரோப்பாவின் பெரிய அட்டவணை 68 விநாடி தவறு. தமிழர் கணக்கு 41 விநாடிதான் தவறு!

இன்னும் இருக்கிறது! 1825-இல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் ஜான் வாரன் என்ற அதிகாரிக்கு முன்னால் சந்திர கிரகணம் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை. பேனா இல்லை. தரையில் சோழி! வாய்பாடு எல்லாம் மனப்பாடம்! கிரகணம் தொடங்கும் நேரத்தில் வந்த பிழை வெறும் 4 நிமிடம்!

ஐரோப்பாவில் பொதுமக்களைச் சேர்த்துக் கிரகணம் அளந்தவர் ஹாலி. அதே ஹாலி வால்நட்சத்திரத்துக்காரர்தான்! 1715-இல் நிழல் போகும் வழியை வரைபடமாக அச்சடித்து விற்றார். பார்த்த நேரத்தை எழுதி அனுப்புங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டார். அவர் கணிப்பில் பிழை சுமார் 4 நிமிடம்தான்!

ஓடி ஒளிந்த நாள்!

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. பட்டப்பகலில் நாடு முழுக்கத் தெருக்கள் வெறிச்சோடின! முழு நிழல் ஹூப்ளி, ராய்ச்சூர் வழியாகப் போனது. அந்த நிழலின் விளிம்பைக்கூடத் தொடாத ஊர்களிலும் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது!

மக்கள் வெளியே வந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம். தூர்தர்ஷன் என்ன செய்தது? பகலிலேயே இந்திப் படம் போட்டுவிட்டது! வானத்தில் நடந்த படத்தை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் ஓடிய படத்தைப் பார்த்தது கூட்டம்!

கிரிக்கெட்டே நின்றது! பம்பாயில் இந்தியாவும் இங்கிலாந்தும் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தன. பிப்ரவரி 15 ஆட்டம். 16 கிரகணம், அதனால் ஓய்வு. 17-இல் மறுபடி ஆட்டம்! அந்த டெஸ்டில் இங்கிலாந்தின் போத்தம் ஒரு சதம் அடித்து, 13 விக்கெட்டும் எடுத்தார். கிரகணம் பிடித்தது யாருக்கு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்!

அன்றைய நிழல் வேறு எங்கே போனது? ஒடிசாவின் கோனார்க்! சூரியனுக்கென்றே கட்டிய கோயில் மீதே நிலாவின் நிழல் விழுந்தது!

1955 ஜூன் 20. இலங்கையில் முழு கிரகணம். அந்த நேரத்தில் வசம்புச் சாறு குடித்தால் கறுப்பு நிறம் சிவப்பாகும் என்று ஒரு வதந்தி! குடித்தவர்கள் சிவக்கவில்லை. வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள்!

அதே கிரகணம்தான் 20-ஆம் நூற்றாண்டிலேயே நீளம். உச்ச நேரம் 7 நிமிடம் 8 விநாடி! பல நாட்டு விஞ்ஞானிகள் இலங்கைக்குக் கருவி மூட்டையோடு வந்து குவிந்தார்கள். மேகமும் வந்து குவிந்தது!

கிரகணத்தன்று மட்டும் தாம்பாளத்தில் உலக்கை நேராக நிற்கும் என்பார்கள் நம் பாட்டிகள். நிற்கும்தான்! ஆனால் நாளைக்கும் நிற்கும். அடுத்த செவ்வாய்க்கிழமையும் நிற்கும். அடிப்பக்கம் சமமாக இருந்தால் ஆண்டு முழுக்க 365 நாளும் நிற்கும்!

கிரகணம் என்றால் கோயில் நடை சாத்துவார்கள். ஆனால் திறந்தே இருக்கும் பெரிய கோயிலும் உண்டு. காளஹஸ்தி! ராகு கேது பரிகாரத் தலத்தில் கிரகண நேரத்திலும் பூஜை. கூட்டமும் அன்றைக்குத்தான் அதிகம்!

2019 கிரகணத்தன்று காலை சென்னைப் பெரியார் திடலில் என்ன நடந்தது? கூட்டமாக உட்கார்ந்து சிற்றுண்டி! கிரகண நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று சொன்னவர்களுக்குச் சாப்பிட்டே பதில் சொன்னார்கள்!

கூடிப் பார்த்த நாள்!

2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. மாட்டுப் பொங்கல்! தை அமாவாசை! கூடவே வளைய சூரிய கிரகணம்! மூன்றும் ஒரே நாளில்! ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் கூட்டம் எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்!

அன்று தனுஷ்கோடி மணலில் நின்றவர்களுக்கு வளையம் 10 நிமிடத்துக்கு மேல் தெரிந்தது. உலக உச்சம் 11 நிமிடம் 8 விநாடி! இதைவிட நீளமான வளைய கிரகணம் மறுபடி வருவது 3043-ஆம் ஆண்டில். அதாவது இன்னும் ஆயிரம் வருஷம்!

2009 ஜூலை 22. இந்த நூற்றாண்டின் மிக நீளமான முழு கிரகணம். உச்சம் 6 நிமிடம் 39 விநாடி! பீகாரில் ஆரியபட்டரோடு சேர்த்துச் சொல்லப்படும் தாரேக்னா என்ற சின்ன ஊருக்கு உலகமே படையெடுத்தது. வந்த கூட்டம் அத்தனைக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்று. மேகம்! ஆனாலும் பட்டப்பகலில் ஊரே இருண்டதை எல்லோரும் பார்த்தார்கள்!

2020 ஜூன் 21. குருக்ஷேத்திரத்தில் வளைய கிரகணம். வழக்கமாகக் கிரகணம் என்றால் லட்சக்கணக்கில் குளத்தில் முங்கும் ஊர். அன்றைக்குக் கொரோனா! மேளாவே ரத்து. சூரியன் வளையம் காட்டியது, குளத்தில் கூட்டம் இல்லை!

2022 தீபாவளி நினைவிருக்கிறதா? அக்டோபர் 24. மறுநாள் 25-ஆம் தேதி மாலையே கிரகணம்! தமிழ்நாட்டில் சூரியன் கடிபட்ட முகத்தோடேயே மேற்கே இறங்கிவிட்டது. விடுவதைப் பார்க்க யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை!

2017 ஆகஸ்ட் 21, அமெரிக்கா. நேரிலோ திரையிலோ அந்தக் கிரகணத்தைப் பார்த்த பெரியவர்கள் எத்தனை பேர்? 21 கோடியே 50 லட்சம்! அந்நாட்டுப் பெரியவர்களில் 100-க்கு 88 பேர்!

2024 ஏப்ரல் 8, நயாகரா. ஒரு படகு நிறையச் சூரிய வேஷம் போட்டவர்கள்! 309 பேர்! கின்னஸ் சாதனை! மேலே ஒரு சூரியன் மறைய, கீழே 309 சூரியன்கள் கைதட்டின!

1925 ஜனவரி 24, நியூயார்க். நிழலின் விளிம்பு எங்கே என்று கண்டுபிடிக்க, ஆற்றோர வீதியில் வீட்டுக்கு வீடு கூரை மேல் ஆள் நிறுத்தினார்கள். விளிம்பு சிக்கியது! 96-ஆம் தெரு! அதற்கு வடக்கே முழு கிரகணம். தெற்கே முழுசாக மறையவே இல்லை. ஒரு தெரு தள்ளி வீடு பிடித்தவர்களுக்குத் தலையெழுத்தே மாறிவிட்டது!

1973 ஜூன் 30. கான்கார்ட் விமானம் நிலா நிழலைத் துரத்திக்கொண்டே ஆப்பிரிக்கா மேல் பறந்தது. தரையில் நின்றவர்களுக்கு அதிகபட்சம் 7 நிமிடச் சொச்சம். விமானத்தில் இருந்தவர்களுக்கு? 74 நிமிடம்!

ஐன்ஸ்டீனை உலகப் புகழ் ஆக்கியதும் ஒரு கிரகணம்தான்! 1919 மே 29. சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி வளைகிறதா என்று பிரேசிலிலும் ஆப்பிரிக்கத் தீவிலும் படம் எடுத்தார்கள். வளைந்தது! நவம்பர் 6-இல் லண்டனில் அறிவித்தார்கள். மறுநாளே பேப்பர் எல்லாம் ஐன்ஸ்டீன்!

நம் கொடைக்கானலும் விடவில்லை! 1922 கிரகணத்தில் அதே ஒளி வளைவை அளக்க, கொடைக்கானல் வானாய்வகத்தின் எவர்ஷெட் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்கே போனார். கருவி காலை வாரியது! அதே கடற்கரையில் அமெரிக்கக் குழு அளந்து முடித்தது. ஐன்ஸ்டீன் மறுபடி பாஸ்!

நெசவை அவிழ்த்த சிலந்தி!

நெசவாளர் ஊருக்கென்றே ஒரு செய்தி! 1991 ஜூலை 11, மெக்சிகோ. முழு இருட்டு வந்ததும் சிலந்திகள் என்ன செய்தன தெரியுமா? நெய்த வலையை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டன! வெளிச்சம் திரும்பியதும் மறுபடி நெய்தன. பக்கத்தில் விளக்குப் போட்டு வைத்த சிலந்திகளோ அவிழ்க்கவே இல்லை!

2017-இல் தேனீக்களுக்குப் பக்கத்தில் மைக் வைத்தார்கள். 16 இடங்களில்! நிழல் முழுசாக வந்த அந்த நிமிடங்களில் கப்சிப்! 16 இடத்திலும் சேர்த்துப் பதிவானது எத்தனை ரீங்காரம்? ஒன்றே ஒன்று!

அதே நாளில் அமெரிக்க மிருகக்காட்சி சாலை ஒன்றில் ஒட்டகச்சிவிங்கிகள் தலைதெறிக்க ஓடின. பெரிய ஆமைகளுக்கோ காதல் வந்துவிட்டது! எதற்கும் அசையாத ஆமையையே அசைத்த கிரகணம்!

சூரியனுக்கே காவல் போட்ட செங்கோட்டைப் பெண்!

சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அதைச் சுற்றியிருக்கும் கரோனா? 10 லட்சம் டிகிரிக்கு மேல்! அடுப்பைவிட அடுப்பைச் சுற்றிய காற்று கொதிக்கிறது! அந்தக் கரோனாவை வெறும் கண்ணுக்குக் காட்டுவது முழு கிரகணம் மட்டுமே!

இனி கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்று இஸ்ரோ 2023 செப்டம்பர் 2-இல் ஆதித்யா எல்-1 விண்கலத்தை ஏவியது. உள்ளே ஒரு கருவி, சூரிய வட்டத்தை மறைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்குகிறது. நிற்கும் இடம் நம்மிடமிருந்து 15 லட்சம் கி.மீ.! ஏவியபோது திட்ட இயக்குநர் யார்? தென்காசி மாவட்டம் செங்கோட்டையின் நிகர் ஷாஜி!

இன்னொன்று! ஐரோப்பாவின் ப்ரோபா-3. இரண்டு செயற்கைக்கோள்கள், நடுவே சுமார் 150 மீட்டர் இடைவெளி. முன்னால் போவது சூரியனை மறைக்கும், பின்னால் வருவது படம் எடுக்கும். ஒரு சுற்றில் 6 மணி நேரம் வரை கிரகணம்! 2024 டிசம்பர் 5-இல் அதை விண்ணுக்கு ஏற்றியது யார்? நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்!

தேவிகாபுரத்துக்கு மேற்கே ஜவ்வாது மலை. அங்கே காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10-இல், நிலா சூரியனை மறைப்பதுபோல், ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைத்தது. மறைப்பதற்கு முன்னாலேயே நட்சத்திரம் மினுக் மினுக்! யுரேனஸுக்கு வளையம் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்த அந்த மினுக்கைப் பதிவு செய்த ஒரு சில இடங்களில் நம் காவலூரும் ஒன்று!

தறியிலேயே இருக்கு டெலஸ்கோப்!

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறதா? அதில் ஓட்டை போட்ட அட்டை இருக்கிறதா? கிரகணத்தன்று அந்த அட்டையை வெயிலில் உயரமாகத் தூக்கிப் பிடியுங்கள். நிழலைத் தரையில் பாருங்கள். ஓட்டைக்கு ஒரு பிறைச் சூரியன்! 100 ஓட்டை என்றால் 100 சூரியன்!

அந்த அட்டை 1804-இல் பிரான்ஸின் லியோன் பட்டு நெசவாளர்களுக்காக ஜக்கார்டு கொண்டுவந்தது. அதைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு ஓட்டை அட்டை வைக்க நினைத்தார். கம்ப்யூட்டருக்கே தாத்தா உங்கள் தறியில்!

அட்டை இல்லையா? வேப்பமரத்தடிக்குப் போங்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் தரையில் ஒரு பிறை போடும்! மரம் இல்லையா? சமையலறைச் சல்லடை போதும்! சல்லடையும் இல்லையா? இரண்டு கை விரல்களையும் கட்டமாகக் குறுக்கே வையுங்கள். காசு 0, சூரியன் பல!

ஆனால் நேராகப் பார்க்காதீர்கள்! கூலிங் கிளாஸ் ஆகாது. எக்ஸ்ரே ஃபிலிம் ஆகாது. சாணித் தண்ணீரில் தெரியும் பிம்பமும் ஆகாது. விழித்திரை வெந்தாலும் வலிக்கவே வலிக்காது. அதற்கு வலி உணரும் நரம்பே கிடையாது! ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று அச்சடித்த கண்ணாடி, இல்லாவிட்டால் 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி. வேறு எதுவும் வேண்டாம்!

வளைய கிரகணத்தில் கடைசி வரை கண்ணாடியைக் கழற்றவே கூடாது. முழு கிரகணத்தில் முழுசாக மறைந்த அந்தச் சில நிமிடங்கள் மட்டும் கழற்றலாம். ஓரத்தில் வைர மோதிரம்போல் ஒளி மின்னியதா? உடனே மறுபடி மாட்டுங்கள்!

டைரியில் குறியுங்கள்!

2027 ஆகஸ்ட் 2. எகிப்தில் முழு கிரகணம், 6 நிமிடம் 23 விநாடி வரை! தமிழ்நாட்டுக்குச் சாயங்காலத்தில் ஓரமாக ஒரு கடி மட்டும். தேவிகாபுரத்துக்காரர்கள் இதைக் கனககிரி மலைப் பக்கம் ஏறி நின்று பார்க்கலாம்!

கனககிரி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த மலை மேல் இருக்கும் கனககிரீஸ்வரருக்கு அபிஷேகம் எதில் தெரியுமா? வெந்நீரில்! கிரகணமோ இல்லையோ, அந்த மலைக்கு ஒரு முறை ஏறியே ஆக வேண்டும்!

2034 மார்ச் 20. முழு நிழல் இந்தியாவுக்கே வருகிறது! ஆனால் எங்கே? லடாக்! கம்பளி எடுத்து வையுங்கள். அங்கே மார்ச்சிலும் நடுக்கம்தான்!

அதற்கும் முன்னால் ஒன்று, இதோ நம் வாசலுக்கே! 2031 மே 21, புதன்கிழமை. வளைய சூரிய கிரகணம். நிழல் வரும் வழியில் தேனி, மதுரை! கேரளத்தில் புகுந்து தமிழ்நாட்டைத் தாண்டி இலங்கைப் பக்கம் போகிறது. உலக உச்சம் 5 நிமிடம் 26 விநாடி!

தேவிகாபுரத்துக்கு? வழக்கம்போல் பிறைதான்! நிழல் ஆறாவது முறையும் நழுவுகிறது. அது வராவிட்டால் என்ன, நாம் போவோம்! அன்றைக்குத் தறிக்கு ஒரு நாள் லீவு விடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முந்தின ராத்திரியே மதுரைக்கு பஸ் ஏறுங்கள். கண்ணாடி மட்டும் ஆளுக்கு ஒன்று, மறக்காமல்!